ஆறு மூலைக் கடதாசி

இந்த நோயைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பேசினாலும் குரலைத் தணித்து, வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள். நான் அது வந்து, கிடந்து, சுகமாகித் திரும்பியவள். எது வலித்தது, எது வலிக்காமலே என்னைப் பயமுறுத்தியது என்று எழுதிவைத்தால் இனி வருகிற ஒருத்திக்காவது உதவும் என்று நினைக்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். என்னைக் கனகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு கடலோடு கலக்கும் பெரிய வாவியின் மேற்குக் கரையில், வவுணதீவுப் பக்கம். கணவருக்கு வயல் வேலை. நான் ஒட்டுப் போர்வை தைப்பவள். காத்தான்குடி நெசவுக்காரரிடம் மிஞ்சும் துண்டுகளை வாங்கி வந்து, ஒன்றின் ஓரத்தை மற்றதன்மேல் ஏற்றி, நெருக்கமாக நூல் ஓட்டித் தடித்த போர்வையாக்குவேன். மழைக்காலத்தில் வட்டை வயல்வெளியில் நெற்காவலுக்குப் படுக்கிறவர்களுக்கு என் போர்வை இல்லாமல் ஆகாது. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

எங்களுக்கு ஒரே மகள், தங்கம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். குடி என்கிற வம்சப் பெயரும் தாய்வழியாகத்தான் வரும். ஆகையால் மாப்பிள்ளை வீட்டார் முதலில் விசாரிப்பது பெண்ணின் தாயைப் பற்றி. தங்கத்துக்கு வயது வந்து, பேச்சும் தொடங்கியிருந்த நேரத்தில்தான் என் இடது முழங்கைக்குக் கீழே வெளிறிய ஒரு படை விழுந்தது. தேமல் என்று நினைத்து மஞ்சள் பூசிக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்தேன். ஏதோ தீய்கிற மணம் வந்தது. அடுப்புக்குள் கருவாட்டுத் துண்டு விழுந்துவிட்டதாக்கும் என்று குனிந்து பார்த்தேன்.

"அம்மா! கை! உன்ட கை!" என்று தங்கம் கத்தினாள்.

என் விரல்தான் பானையோடு ஒட்டித் தீய்ந்துகொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மகளுடைய முகத்தைப் பார்த்துத்தான் கையை இழுத்தேன்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் விறாந்தை நிறையச் சனம். காய்ச்சல்காரர், காலில் புண்ணோடு வந்தவர்கள், பிள்ளை சுமந்தவர்கள். வாங்குப் பலகையில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். என் கணவர் என் கையைச் சேலைத் தலைப்பால் மூடிவிட்டார். குளிருக்கு மூடுகிறார் என்று நினைத்தேன். பக்கத்திலிருந்தவர்களின் கண் படாமல் மூடியிருக்கிறார் என்று பிறகுதான் விளங்கியது.

டாக்குத்தர் இளம் ஆள். படையைப் பார்த்தார். முழங்கை மூட்டுக்குப் பின்புறம் விரலை வைத்து எதையோ உருட்டிப் பார்த்தார். அங்கே ஓடும் நரம்பு என்னில் கயிறுபோலத் தடித்திருந்தது. பிறகு கொஞ்சம் பஞ்சை எடுத்தார்.

"கண்ண மூடுங்க. நான் தொடக்குள்ள ஓம் எண்டு சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். கொஞ்ச நேரம் போனது. பேசாமலிருந்தால் தப்பாகிவிடுமே என்று பயம் வந்தது. அவர் மூச்சு விடுகிற சத்தத்தை வைத்துக் கணித்து, "ஓம்" என்றேன். பிறகு இன்னொரு "ஓம்".

"அம்மா, நான் இப்ப தொடவே இல்லயே."

கண்ணைத் திறந்தேன். அவர் கையில் பஞ்சு இல்லை, குண்டூசி இருந்தது. என் கையில் சின்னச் சின்னதாக இரத்தப் பொட்டுகள். அவர் தொட்டபோதெல்லாம் நான் வாய் திறக்கவில்லை. தொடாதபோது ஓம் என்றிருக்கிறேன்.

அடுத்து வந்த நாட்களில் காதுச் சோணையில் சின்னக் கீறல் போட்டு, ஊறிய நீரைக் கண்ணாடித் தட்டில் பூசி எடுத்தார்கள். அதற்குச் சிவப்புச் சாயம் ஏற்றிப் பெருக்கிக் காட்டும் கண்ணாடியில் பார்த்தால் நோய்க் கிருமி தெரியுமாம். என்னுடையதில் தெரிந்தது. "குட்டநோய்" என்ற சொல்லை டாக்குத்தர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அவர் தலையாட்டினார். பயப்படுகிற அளவுக்கு அது ஒட்டுகிற நோயில்லை, கூட இருக்கிறவர்களில் அநேகம் பேருக்கு வராது என்று ஆறுதலாகச் சொன்னார். ஆனால் சட்டப்படி என்னைத் தீவுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றார்.

வாவிக்கு நடுவே மரமும் ஓட்டுக் கூரையுமாக அந்தத் தீவை நான் பிறந்த நாளிலிருந்து பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் அழுதால் அதைக் காட்டி மிரட்டியும் இருக்கிறேன்.

"தங்கத்தின்ட கலியாணம்?" என்று கணவரிடம் கேட்டேன்.

"முதல்ல நீ சுகமாகு புள்ள," என்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தீவு ஆஸ்பத்திரியைப் பற்றி ஊரில் சொல்வதெல்லாம் பொய். அங்கே யாரும் யாரையும் கட்டி வைக்கவில்லை. சோறு தந்தார்கள், மருந்து தந்தார்கள், மரநிழலில் இருக்கவும் விட்டார்கள். பயம் வேறு விதமானது. அங்கே யாரும் எதற்கும் "ஆ" என்று கத்துவதில்லை. முள்ளில் மிதித்தவர் தொடர்ந்து நடப்பார். பின்னால் வருகிறவர் மண்ணில் இரத்தத்தைப் பார்த்துச் சொன்னால்தான் நிற்பார். வெந்நீர் ஊற்றினாலும் சத்தமில்லை. வெயில் ஏறி உச்சிப்பொழுதானால் வாவி கண்கூசி வெள்ளையாகிவிடும், கரைகள் எல்லாம் மறைந்துபோகும். அந்த நேரத்தில் உயிரோடிருக்கிறேனா என்று என்னையே கிள்ளிப் பார்ப்பேன். இடது கையைக் கிள்ளினால் ஒன்றும் தெரியாது. வலது கையைக் கிள்ளிக்கொள்வேன்.

மருந்து நீரடிமுத்து எண்ணெய். தடித்த ஊசியால் இடுப்புக்குக் கீழே ஏற்றுவார்கள். உணர்ச்சி உள்ள இடத்தில் ஏற்றுவதால் அது வலிக்கும், வீங்கும், காய்ச்சலும் வரும். அந்த வலி எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

பக்கத்துக் கட்டிலில் எமிலியா நோனா. பறங்கிப் பெண், வயது எனக்குக் கிட்டத்தட்ட. மூக்கு கொஞ்சம் அமர்ந்திருக்கும், வாய் மட்டும் அமராது. அவருடைய கட்டிலில் நான் அதுவரை கண்டிராத ஒரு போர்வை. முழுதும் ஆறு மூலைத் துண்டுகள். துண்டின்மேல் துண்டு ஏறவில்லை, தேனடைபோல ஓரத்தோடு ஓரம் முட்டி நின்றது. தையலையே காணவில்லை. நானும் ஒரு தையற்காரி அல்லவா, எனக்கு வயிறெரிந்தது. கையால் தடவிப் பார்த்தேன். உள்ளே சரசரவென்று ஏதோ அசைந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

"கடதாசி. பேய் இல்லகா," என்று சிரித்தார் எமிலியா. "கன்னியாஸ்திரி மடத்துப் பள்ளிக்கூடத்தில படிச்ச வேலை."

அது இப்படி. கடதாசியை ஒரே அளவில் ஆறு மூலையாக வெட்ட வேண்டும். அதைச் சீலைத் துண்டுக்குள் வைத்து, ஓரங்களைக் கடதாசிக்குமேல் மடித்து, பெரிய பெரிய தையலாகப் போட்டு நிறுத்த வேண்டும். அப்படி இரண்டு துண்டு ஆனதும் முகத்தோடு முகம் வைத்து ஓரத்தை மட்டும் பொடித் தையலால் சேர்க்க வேண்டும். ஒரு துண்டின் ஆறு பக்கமும் அயல் துண்டுகள் வந்து சேர்ந்தபிறகு, நிறுத்திய தையலைப் பிரித்துக் கடதாசியைக் கழற்றிவிடலாம். அதுவரை சீலை நெளியாமல் கடதாசி பிடித்துக்கொண்டிருக்கும். எமிலியா மட்டும் ஒரு கடதாசியையும் கழற்றவில்லை. "கழட்டினா முடிஞ்சுபோகும். முடிஞ்சா மறுகா என்ன செய்யிற?" என்பார்.

அவர் எனக்குப் பழைய இங்கிலீசுப் பத்திரிகை தந்தார். நான் வாங்கவில்லை. எழுத்து என்றால் எங்களுக்குச் சரசுவதி. காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள், எழுத்தை உள்ளே வைத்துத் தைத்துக் காலுக்குப் போர்ப்பேனா? எமிலியா கேலி செய்தார். ஆனாலும் சமையல்கட்டில் கேட்டு, சீனி சுற்றிவரும் நீலக் கடதாசி வாங்கித் தந்தார். அதில் ஒரு எழுத்தும் இல்லை.

என் பழைய தையலில் சீலை மடியில் கிடக்கும், வலது கை ஓடிக்கொண்டே போகும், இடது கை சும்மா துணைக்கு. இந்த வேலை அப்படியல்ல. சின்னத் துண்டை இடது கைவிரல்களுக்குள் பிடித்துக்கொண்டு, ஊசி சீலையின் மடிப்பில் மட்டும் போகிறதா, கடதாசியிலும் இறங்கிவிட்டதா என்று அந்த விரல்தான் சொல்ல வேண்டும். என் விரல் ஒன்றும் சொல்லவில்லை. இருந்தும் விட மனமில்லாமல் தைத்தேன். முதல் இரண்டு துண்டையும் சேர்த்து முடித்து, பெருமையோடு எமிலியாவிடம் காட்டக் கையை நீட்டினேன். துண்டு என் விரலில் தொங்கியது.

தட்டிவிட்டேன். விழவில்லை. உதறினேன். விழவில்லை.

எமிலியாவின் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. "அசையாத கனகம். யேசுவே, அசையாத," என்று சொல்லிக் கத்தரிக்கோலை எடுத்து வந்தார். சீலை, கடதாசி, என் விரல்தோல் மூன்றையும் நான் ஒன்றாகத் தைத்திருந்தேன். நேர்த்தியான பொடித் தையல். அவர் ஒவ்வொரு தையலாக வெட்டி நூலை உருவி எடுத்தார். நூல் தோலுக்குள் நகர்வதைக் கண்ணால் பார்த்தேன். வேறு யாருடையவோ கைக்கு நடப்பதைப் பார்ப்பதுபோல இருந்தது.

தையலை விட்டிருக்கலாம். எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் கூட. விரல் சொல்லாததைக் காது சொல்லும் என்று கண்டுபிடித்தேன். சீலையில் இறங்கும் ஊசிக்குச் சத்தமில்லை. கடதாசியில் இறங்கினால் மெல்லிய ஒரு "டிக்". அதைக் கேட்க வேண்டுமானால் சுற்றிலும் அமைதி வேண்டும். எல்லாரும் படுத்துவிடுகிற உச்சிப்பொழுதில் தைக்கத் தொடங்கினேன். காது வரவரக் கூர்மையானது. கூரையில் பல்லி நகர்வது கேட்டது. ஒருநாள் பக்கத்துக் கட்டிலில் போர்வை சரசரத்தது. யாரோ புரண்டு படுப்பதுபோல நிதானமான சத்தம். "நித்திரை வரல்லயா நோனா?" என்று கேட்டுக்கொண்டே திரும்பினேன். கட்டிலில் ஆளில்லை. எமிலியா கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். வெயிலில் கடதாசி காய்ந்து நெளியும் என்று தீவு டாக்குத்தர் சொல்வார். சொல்லட்டும்.

அந்தக் காதால்தான் பறைச் சத்தத்தையும் கேட்டேன்.

மற்ற யாருக்கும் கேட்கவில்லை. தண்ணீருக்கு மேலால், மெல்லியதாக, விட்டுவிட்டு வந்தது. சாவுப் பறை. தைத்ததைப் போட்டுவிட்டுத் துறைக்கு ஓடினேன். கண்ணுக்குமேல் கையை வைத்து எங்கள் கரையைப் பார்த்தேன். எங்கள் வீட்டு மாமரம் தெரிந்தது. அதன் கீழே வெள்ளை. சாவு வீட்டுக்குச் சலவைக்காரக் கட்டாடி வந்து துணியால் வெள்ளை கட்டுவார், அந்த வெள்ளை. எறும்பளவில் ஆட்கள் போய்வந்தார்கள்.

என் வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

தோணிக்காரனிடம் கெஞ்சினேன். "தெரியாதுகா," என்று திரும்பிக்கொண்டான். டாக்குத்தரிடம் ஓடினேன், விசாரிக்கிறேன் என்றார். தங்கமா, அவரா? சாப்பாடு ஆகாது, தையல் ஆகாது. யாருக்காக அழுவது என்று தெரியாமல் அழுவதைப்போல ஒரு வேதனை இல்லை. ஒருமுறை தங்கத்துக்காக அழுவேன், அது தப்பு என்று அவருக்காக அழுவேன். அவர் செத்திருக்கட்டும், மகள் இருக்கட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். இதை அவரிடமே பிறகு சொல்லியிருக்கிறேன்.

வாரம் ஒன்று போனபின் தோணியில் எனக்கென்று பெட்டி வந்தது. தைப்பதற்குப் பழைய சீலைத்துண்டு அனுப்பச் சொல்லி முன்பே கேட்டிருந்தேன். மேலே தங்கம் செய்த பனங்கட்டிப் பணியாரம். அவளுடைய கைப்பக்குவம் எனக்குத் தெரியாதா? மகள் இருக்கிறாள். பெட்டியைக் கட்டியிருந்த முடிச்சு அவருடைய முடிச்சு, வயலில் கதிர்க்கட்டுக்குப் போடுகிற முடிச்சு. அவரும் இருக்கிறார். சிரித்துக்கொண்டே பணியாரத்தைக் கடித்தேன்.

கீழே சீலை இருந்தது. துண்டுகளல்ல, முழுச் சேலைகள். எல்லாம் என்னுடையவை. தோய்த்து மடித்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தேன். அடியில் என் கல்யாணக் கூறை.

"வடிவான சீல," என்றார் எமிலியா. பிறகு என் முகத்தைப் பார்த்தார். "என்னகா?"

பெண்ணின் கூறை வீட்டைவிட்டு வெளியே போவது ஒரேயொரு நாளில்தான், அவளைப் பாடையில் தூக்குகிற நாளில். செத்தவளின் உடுப்பையும் வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள், கட்டாடிக்குக் கொடுத்துவிடுவார்கள். இது பிள்ளைக்கும் தெரிந்த வழமை.

எமிலியா கட்டிலின் ஓரத்தில் வந்து இருந்தார். "எனக்கும் கோயில்ல சாவுப் பூசை வச்சாங்க," என்றார். "கறுப்புத் துணி விரிச்சு, மெழுகுதிரி கொளுத்தி. அக்காதான் வச்சா. அவட மகளுக்குக் கலியாணம் பேசினாங்க."

நான் பார்த்த வெள்ளை எனக்குக் கட்டிய வெள்ளை. நான் கேட்ட பறை எனக்கு அடித்த பறை. என் சாவுக்கு நானே அழுதுகொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த தடவை கணவர் வந்தார். துறையில் கட்டியிருந்த வேலிக்கு அப்பால்தான் நிற்க விடுவார்கள்.

"செத்தவளப் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "காய்ச்சல்ல ஆசுப்பத்திரியில போயிட்டா எண்டு சொன்னன். அங்கயே அடக்கின எண்டு சொன்னன். வேற வழி இல்ல கனகம். வெல்லாவெளியில இருந்து நல்ல இடம் வந்திருக்கு. தாய் தீவில இருக்கா எண்டா ஆரு வருவான்?"

"என்னட்டக் கேட்டா நான் வேணாம் எண்டா சொல்லியிருப்பன்?"

"கேக்க வாய் வரல்ல புள்ள." தலைப்பாகையை மடித்துக்கொண்டே, "உன்ட சீலைய கட்டாடிக்குக் குடுக்க ஏலாமப் போச்சு. அதான் உனக்கே அனுப்பினன்," என்றார்.

"தங்கத்துக்குத் தெரியுமா?"

"தெரியும். அவ மூணு நாள் சாப்பிடல்ல."

எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கும் அது முழுதாகப் போகவில்லை. அவர் அழுததைப் பார்த்தேன், அப்படியும் போகவில்லை. உள்ளே போய்க் கூறையைக் கட்டிலில் விரித்து, கத்தரிக்கோலை வைத்தேன். எமிலியா சிலுவை போட்டுக்கொண்டார். முழுதையும் ஆறு மூலையாக வெட்டினேன். இருக்கும் சீலை எல்லாவற்றையும் வெட்டினேன். என்னைச் சாகடித்துவிட்டார்கள், என் துணியில் மிச்சம் எதற்கு என்றிருந்தது. உச்சிப்பொழுதுகளில் "டிக்" ஒருமுறையும் வராமல் தைக்கக் கற்றுக்கொண்டேன். தங்கத்தின் கல்யாணம் என்று கேள்விப்பட்ட நாளிலும் தைத்துக்கொண்டுதான் இருந்தேன். அன்று மேளம் தீவுக் கரைக்குக் கேட்டது. காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

காதுச் சோணையை மறுபடி மறுபடி கீறிப் பார்த்தார்கள். கிருமி குறைந்தது. பிறகு காணவில்லை. காணாமலே மாதக்கணக்கில் நின்றது. படை நிறம் மாறிவிட்டது, செத்த உணர்ச்சி மட்டும் திரும்பாது, அடுப்பிலும் ஊசியிலும் கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லி, "இனி நீங்க வீட்ட போகலாம் அம்மா," என்றார் டாக்குத்தர்.

போகிறதற்கு முன் நானும் எமிலியாவும் என் போர்வையின் கடதாசிகளைக் கழற்றினோம். நீலக் கடதாசி ஒவ்வொன்றிலும் பழுப்பாகக் காய்ந்த புள்ளிகள். நான் அறியாமல் என் விரல் அத்தனை நாளும் உள்ளே இரத்தம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. முதல் துண்டுகளில் நிறைய, கடைசியில் அநேகமாக இல்லை. எரித்துவிட்டோம். போர்வையை எமிலியாவுக்கு விட்டுவிட்டு வந்தேன். என் சேலைகளை அந்த வீட்டுக்குள் திரும்பக் கொண்டுபோக எனக்குத் துணிவில்லை.

வருகிற நாளை முன்னறிவிக்க வழியில்லை. தோணி வந்த நாளில் வந்தேன். படலையைத் திறந்தபோது முற்றத்தில் பாய் விரித்து எனக்கு முகம் தெரியாத ஆட்கள் இருந்தார்கள். உள்ளே குத்துவிளக்கு எரிந்தது. அதன்முன் தலைவாழை இலையில் படையல். இறால் சொதி, முருங்கைக்காய், எருமைத்தயிர். எல்லாம் எனக்குப் பிடித்தவை. என்னுடைய ஆண்டுத் திவசத்துக்கு வந்து நிற்கிறேன் என்று விளங்கியது.

கணவர்தான் முதலில் கண்டார். முகத்தில் இரத்தமில்லை. பாய்ந்து வந்து, வெல்லாவெளிச் சம்பந்தி வீட்டார் பக்கம் திரும்பி, "இது தங்கத்தின்ட பெரியம்மா. பனிச்சங்கேணியில இருந்து வந்திருக்கா," என்றார்.

மகளின் வாழ்வு அந்தப் பொய்யின்மேல் நிற்கிறது. நான் வாய் திறந்தால் மாப்பிள்ளை இன்றைக்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு போகலாம். பெரியம்மாவாகவே இருந்து தொலைக்கிறேன் என்று சுவரோரமாக உட்கார்ந்தேன். சம்பந்தியம்மா என் கையைப் பார்த்தார். நான் தலைப்பால் மூடிக்கொண்டேன்.

சமையல்கட்டிலிருந்து தங்கம் வந்தாள். வயிற்றில் பிள்ளை. கையில் சோற்றுச் சட்டி. என்னைக் கண்டு அப்படியே நின்றாள்.

"தங்கம், பெரியம்மாக்கு இலை போடு," என்றார் கணவர் அவசரமாக.

அவள் சட்டியைக் கீழே வைத்தாள். விளக்கின்முன் குனிந்து, படையல் இலையை இரண்டு கையாலும் பக்குவமாகத் தூக்கினாள். செத்தவருக்கு வைத்த இலையை, சடங்கு முடியாமல் யாரும் தொடுவதில்லை. கூட்டத்தில் யாரோ "ஏய்" என்றார்கள். அவள் நேரே வந்து அதை என் முன்னால் வைத்தாள்.

"ஆறிப்போகும் அம்மா. சாப்பிடு," என்றாள்.

சம்பந்தியம்மா எழும்பினார். அவரோடு வந்த இரண்டொருவரும் எழும்பினார்கள். வெற்றிலைத் தட்டம் கவிழ்ந்தது. படலை திறந்து சாத்துவது கேட்டது. என் கணவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. மாப்பிள்ளையும் போயிருப்பார் என்றே நினைத்தேன்.

எதிரே பாயில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். கீழே இருந்த சட்டியை இழுக்கிற சத்தம்.

"மாமி," என்றது நான் அதுவரை கேட்டிராத ஒரு குரல். "இன்னுங் கொஞ்சம் சோறு போடட்டா?"

"போடுங்க மகன்," என்றேன்.